தானாக நிற்கும் காரும் கரிசல் மண்ணும்

விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூர் எனக்குச் சொந்த ஊர். சென்ற ஐப்பசியில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகப் போயிருந்தேன். மண்டபத்துக்கு எதிரே சாலையோரமாக வண்டிகள் வரிசைகட்டி நின்றன. என் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து புதுக்காரில் வந்து சேர்ந்தான். ஒரு வேனுக்கும் இன்னொரு காருக்கும் நடுவே ஓரிடம் காலியாக இருந்தது. அதைக் கடந்து சற்று முன்னே சென்று நிறுத்தினான். திரையில் எதையோ தொட்டான். பிறகு இரண்டு கைகளையும் சன்னல் பக்கமாக உயர்த்தி எங்களுக்குக் காட்டினான். ஸ்டியரிங் தானாகச் சுழன்றது. கார் பின்னால் வந்து, ஒருமுறை ஒடித்து, மறுமுறை நிமிர்ந்து, இரண்டு வண்டிகளுக்கும் நடுவே அளவெடுத்தாற்போல் நின்றது. வேடிக்கை பார்த்த சிறுவர்கள் கைதட்டினார்கள்.

என் தாய்மாமா பக்கத்தில் நின்றிருந்தார். கோவில்பட்டித் தீப்பெட்டிப் பண்டல்களை ஏற்றிக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடநாட்டுக்கு லாரி ஓட்டியவர். எல்லாவற்றையும் ஆர்வமாகப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: “எல்லாம் சரிதான் மாப்ளே. கீழ மண்ணைப் பாத்துச்சா அது?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அன்றிரவு நல்ல மழை. காலையில் பார்த்தால், காரின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருந்தன. டிராக்டர் வைத்துக் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டியிருந்தது.

இதை இயந்திரத்தின் தோல்வி, அனுபவத்தின் வெற்றி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. இப்படிப்பட்ட கட்டுரைகளை நாம் நிறையவே வாசித்திருக்கிறோம். கையால் செய்ததெல்லாம் உயர்ந்தது, கருவி செய்வதெல்லாம் தாழ்ந்தது என்று முடியும் கட்டுரைகள் அவை. நான் அப்படி முடிக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அதே வரிசையில் மனிதர்கள் தங்கள் கையாலேயே நிறுத்திய இரண்டு வண்டிகளும் புதைந்துதான் கிடந்தன. அவர்களும் மண்ணைப் பார்த்திருக்கவில்லை. ஆக, மாமாவின் கேள்வி காரைப் பார்த்து மட்டும் கேட்கப்பட்டதல்ல. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

*

முதலில், அந்தக் கார் செய்தது என்ன என்பதைப் பார்த்துவிடலாம்.

சாலையோரத்தில் முன்னும் பின்னும் வண்டிகள் நிற்க, நடுவில் இருக்கும் இடத்தில் பக்கவாட்டாக நிறுத்துவதைத்தான் பேரலல் பார்க்கிங் என்கிறார்கள். இதை ஏன் பின்னோக்கி வந்து செய்ய வேண்டும் என்பது பலருக்கு விளங்குவதில்லை. காரில் முன்சக்கரங்கள் மட்டுமே திரும்புகின்றன. முன்னோக்கிப் போகையில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தைவிட உள்வாங்கியே வரும். எனவே மூக்கை முதலில் நுழைத்தால் வால் சாலையிலேயே தங்கிவிடும். பின்னோக்கி வரும்போதோ, திரும்பும் சக்கரங்கள் போகிற திசைக்குக் கடைசியில் அமைந்துவிடுகின்றன, படகின் சுக்கானைப் போல. வால் முதலில் இடத்தைப் பிடிக்கிறது. மூக்கு அதன்பின் வீசிக்கொண்டு உள்ளே வருகிறது. தடத்தை வரைந்து பார்த்தால் எதிரெதிராக வளைந்த இரண்டு வில்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இது வெறும் வடிவியல். 2009-இல் லண்டன் பல்கலைக்கழகத்து ராயல் ஹாலோவே கல்லூரியின் கணிதப் பேராசிரியர் சைமன் பிளாக்பர்ன் இதற்கொரு சூத்திரமே எழுதினார். காரின் திருப்பு ஆரம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம், முன்சக்கரத்திலிருந்து மூக்கு வரையுள்ள நீளம், முன்னால் நிற்கும் வண்டியின் அகலம் ஆகிய நான்கும் தெரிந்தால், காரின் நீளத்துக்கு மேல் எவ்வளவு இடம் வேண்டும் என்று அது சொல்லிவிடும். நம்மூர்ச் சிறிய கார் ஒன்றின் உத்தேச அளவுகளை வைத்துப் போட்டுப் பார்த்தேன். திருப்பு ஆரம் 5 மீட்டர், சக்கர இடைவெளி 2.4 மீட்டர், மூக்கு 0.7 மீட்டர், முன்வண்டியின் அகலம் 1.7 மீட்டர் என்று கொண்டால், கூடுதலாக ஏறத்தாழ 1.55 மீட்டர் வேண்டியிருக்கிறது. அதற்குக் குறைவான இடத்தில் ஒரே வீச்சில் நிறுத்த எந்தக் கொம்பனாலும் முடியாது. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித்தான் நுழைக்க வேண்டும்.

வடிவியலாக இருப்பதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். டொயோட்டா நிறுவனம் 2003-இல் ஜப்பானில் தன் பிரியஸ் காரில் இதைச் செய்தது. விற்பனைக்கு வந்த முதல் தானியங்கி நிறுத்த வசதி அதுதான். பிறகு மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. காரின் பக்கவாட்டிலும் பின்னாலும் பதித்திருக்கும் உணரிகள் மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கின்றன. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பொருளிலிருந்து எதிரொலி திரும்ப ஆகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு. வௌவால் இருட்டில் பறப்பதும் இதே வழியில்தான். இடைவெளியைக் கடந்து போகும்போதே கார் அதை அளந்துகொள்கிறது. அளவு போதுமென்றால் ஸ்டியரிங்கில் உள்ள மின்மோட்டார் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததுமல்ல. கலிபோர்னியாவைச் சேர்ந்த புரூக்ஸ் வாக்கர் என்பவர், காரின் பின்பகுதியில் ஐந்தாவதாக ஒரு சக்கரத்தைக் குறுக்குவாட்டில் இறக்கி, வாலை அப்படியே பக்கவாட்டில் உருட்டி இடத்துக்குள் தள்ளும் ஏற்பாட்டை உருவாக்கி, 1950-களில் பேக்கார்டு கார் ஒன்றில் பொருத்திக் காட்டினார். உதிரிச் சக்கரமே அந்த ஐந்தாவது சக்கரம். எந்த நிறுவனமும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து, 2023-இல், ஹூண்டாய் மோபிஸ் நிறுவனம் நான்கு சக்கரங்களையும் தனித்தனியே தொண்ணூறு பாகை திருப்பி நண்டைப் போலப் பக்கவாட்டில் நகரும் மாதிரிக் காரைக் காட்சிக்கு வைத்தது. இந்தியாவிலும் 2020-இல் வந்த எம்.ஜி. குளோஸ்டர், 2024 நவம்பரில் மகிந்திரா அறிமுகப்படுத்திய மின்சாரக் கார்கள் என்று தானாக நிறுத்தும் வசதி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. தானாக நிற்காவிட்டாலும், பின்னால் ஏதாவது இருந்தால் ஒலியெழுப்பும் உணரி 2019 ஜூலை முதல் இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாகிவிட்டது.

*

இயந்திரம் நம்மைவிட நன்றாக நிறுத்துகிறதா? ஆம், நிறுத்துகிறது. அமெரிக்க வாகன உரிமையாளர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2015-இல் ஐந்து கார்களை வைத்துச் சோதித்தது. தானியங்கி வசதியைப் பயன்படுத்தியவர்கள், காமிராவின் துணையோடு தாங்களே நிறுத்தியவர்களைவிட 81 விழுக்காடு குறைவாகவே நடைபாதை விளிம்பில் முட்டினார்கள். வண்டியை முன்னும் பின்னும் ஆட்டியதும் 47 விழுக்காடு குறைவு. அதே சங்கம் கேட்டபோது, பத்தில் எட்டுப் பேர் தங்களுக்கு இந்தக் கலை நன்றாகக் கைவரும் என்றார்கள். இயந்திரத்தை நம்புவோம் என்றவர்கள் நான்கில் ஒருவர்தான். திறமை ஒரு பக்கம் இருக்க, பெருமை இன்னொரு பக்கம் இருந்திருக்கிறது.

இந்தப் பெருமையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் அக்கா பள்ளி ஆசிரியை. கோவில்பட்டியில் குடியிருக்கிறாள். முறையாகக் கற்று உரிமம் எடுத்தவள். ஒருநாள் கடைத்தெருவில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே காரை நிறுத்த முயன்றிருக்கிறாள். நான்கு பக்கமிருந்தும் நான்கு பேர் கைகாட்டினார்கள். ஒருவர் இடப்பக்கம் ஒடிக்கச் சொன்னார், ஒருவர் வலப்பக்கம் ஒடிக்கச் சொன்னார், மூன்றாமவர் காரின் கூரையைத் தட்டினார், நான்காமவர் “நீங்க எறங்குங்கம்மா, நான் போட்டுத் தாரேன்” என்றார். டீக்கடை வாசலில் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. அக்கா காரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, அத்தானைத் தொலைபேசியில் வரவழைத்தாள். அதன்பிறகு ஆறு ஆண்டுகள் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் காமிராவும் உணரிகளும் உள்ள கார் ஒன்றை வாங்கினார்கள். இப்போது பள்ளிக்கு அவளேதான் ஓட்டிக்கொண்டு போகிறாள். உணரி ‘பீப்’ என்று மட்டும்தான் சொல்கிறது. சிரிப்பதில்லை, கூரையைத் தட்டுவதில்லை, இறங்கச் சொல்வதில்லை. கழுத்தைத் திருப்ப முடியாத முதியவர்களுக்கும், இடுப்புவலிக்காரர்களுக்கும், ஊரார் பார்வைக்கு அஞ்சுகிறவர்களுக்கும் இந்தக் கருவி செய்யும் உபகாரத்தை, முப்பது வருடம் ஓட்டிய மிதப்பில் இருந்துகொண்டு கேலி செய்வது நியாயமாகாது. கைத்திறன் என்று நாம் போற்றும் பலவற்றுக்கு அடியில் இன்னொருவரைச் சிறுமைப்படுத்தும் சுகம் ஒளிந்திருக்கிறது. அதை இழப்பதில் எனக்கு வருத்தமேதும் இல்லை.

அப்படியானால் இழப்பு எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது கையிலோ ஸ்டியரிங்கிலோ இல்லை என்பது என் எண்ணம்.

*

மாமா லாரி ஓட்டக் கற்ற கதை அவர் வாயால் பலமுறை கேட்டது. பதினாறு வயதில் கிளீனராகச் சேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் ஸ்டியரிங் பக்கமே விடமாட்டார்கள். வண்டி கழுவுவது, தார்ப்பாய் கட்டுவது, சக்கரத்துக்குக் கட்டை போடுவது. இவற்றோடு இன்னொரு முக்கியமான வேலை, வண்டி பின்னால் வரும்போதெல்லாம் இறங்கிப்போய்ப் பின்னால் நின்று குரல் கொடுப்பது.

லாரியின் பின்புறம் ஓட்டுநருக்குத் தெரியாது. பாரம் ஏற்றிய பிறகு கேட்கவே வேண்டாம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வண்டி ஒதுங்க வேண்டியதோ இடப்பக்கம். அந்த இடது பின்மூலை அவருக்கு முழு இருட்டு. அங்கே நின்றபடி கிளீனர் சொல்வதுதான் கண். “வரட்டும்ண்ணே... வரட்டும்... லேசா ஒடிச்சு விடுங்க... நேர் பண்ணுங்க... வரட்டும், வரட்டும்... ஓல்டேன்!” அந்த ‘ஓல்டேன்’ அரைநொடி தாமதித்தால் சுவர் போய்விடும், அல்லது கிளீனர் போய்விடுவார். கரிசல் வட்டார வழக்குகளைக் கி.ராஜநாராயணன் அகராதியாகத் தொகுத்தார். லாரிக்காரர்களின் பேச்சுக்கும் அப்படியொரு தொகுப்பு வேண்டுமென்று எனக்குத் தோன்றுவதுண்டு. ‘ஒடிப்பது’ என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே எத்தனை அளவுகள் இருக்கின்றன! லேசா ஒடி, அரை ஒடி, முழுசா ஒடி, ஒடிச்சு எடு.

இதில் கவனிக்க வேண்டியது, பின்னோக்கி வருவது இங்கே ஒருபோதும் ஒற்றை ஆளின் வித்தையாக இருந்ததில்லை என்பதுதான். மாட்டு வண்டிக் காலத்திலும் அப்படித்தான். மாடுகள் பின்னால் நடக்க மறுக்கும். ஒருவர் முன்னால் நின்று நுகத்தடியைப் பிடித்துத் தள்ள, இன்னொருவர் சக்கரத்தைப் பிடித்துத் திசை பார்த்துக்கொடுப்பார். ஒருவர் வண்டியை நடத்துகிறார். இன்னொருவர் வண்டி போகப்போகும் இடத்தில் நின்று அந்த இடத்தைப் பார்க்கிறார். லாரி வந்தபோதும் இந்தப் பங்கீடு மாறவில்லை.

மாமா மூன்று ஆண்டுகள் பின்னால் நின்றபோது கற்றது தூரத்தை மட்டுமல்ல. மண்ணைக் கற்றார். கரிசல் மண்ணைப் பற்றி இதழ் வாசகர்களுக்கு இலக்கியத்தின் வழியாக நிறையத் தெரியும். வண்டிக்காரரின் பக்கமிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி. ஈரம்பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களிமண் அது. கோடையில் தார்ச்சாலை விளிம்பை ஒட்டியே வெடிப்பு ஓடும். மழைக்காலத்தில் மேலே காய்ந்தாற்போல் இருக்கும். ஒரு சாணுக்குக் கீழே கூழாக இருக்கும். போதாததற்குச் சாலையோரத்தில் செம்மண் சரளைக் கொட்டி மூடியிருப்பார்கள். கண்ணுக்குச் சரள் தெரியும். அதன் ஆழம் தெரியாது. கிளீனர் இறங்கியதும் முதலில் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். மண் திருப்பிக் கொடுக்கும் சத்தத்தையும் குதிகால் இறங்கிய அளவையும் வைத்து, பன்னிரண்டு டன் நிற்குமா என்று முடிவு செய்வார். நிற்காது என்றால் “இங்க வேண்டாம்ண்ணே” என்பார். ஓட்டுநர் வாதாடமாட்டார். அடுத்த இடம் பார்க்கப் போய்விடுவார்.

இப்போது உணரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உணரி அறிவது ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு தூரத்தில் தடை இருக்கிறது. தடை இல்லாத இடமெல்லாம் அதற்கு நிற்கத் தகுந்த இடம். தரை தாங்குமா என்பது அதன் கேள்வியே அல்ல. இது உணரியின் குறை என்றுகூடச் சொல்ல முடியாது. அதனிடம் அதை யாரும் கேட்கவில்லை.

கேட்டதிலும் அதற்குச் சில தடுமாற்றங்கள் உண்டு. கார்களோடு தரப்படும் கையேடுகளை நம்மில் பலர் பிரிப்பதே இல்லை. பிரித்தால் சுவாரசியமான பட்டியல் ஒன்று கிடைக்கும். உணரிமேல் சேறு அப்பியிருந்தால் அது வேலை செய்யாமல் போகலாம். கயிறு, சங்கிலி, மெல்லிய கம்பம் ஆகியவற்றைக் காணத் தவறலாம். பஞ்சு, துணி போன்றவை ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் எதிரொலி வராமல் போகலாம். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் உறுமினாலோ, பெரிய வண்டியின் காற்று பிரேக் சீறினாலோ அது குழம்பலாம். சேறு, கயிறு, பருத்தி, மோட்டார் சைக்கிள், லாரி. எங்கள் ஊர்க் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு வந்து எழுதியதுபோல் இருக்கிறது அந்தப் பட்டியல்.

*

மனிதனும் இயந்திரமும் வேலையைப் பகிர்ந்துகொள்வது பற்றி லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். தானியங்கி முறையின் முரண்நகைகளைப் பற்றியது அது. ஆலைகளை மனத்தில் வைத்து எழுதியதென்றாலும் இன்றுவரை விமானிகளைப் பற்றிப் பேசும்போதும் கார்களைப் பற்றிப் பேசும்போதும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் சொன்னதன் சாரம் இது. எளிதான வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிடுகிறோம். இயந்திரத்தால் முடியாத கடினமான வேலை மனிதனிடம் மிஞ்சுகிறது. ஆனால் எளிதானதைத் தினமும் செய்துதான் மனிதன் கடினமானதற்குத் தயாராகியிருந்தான். அந்தப் பயிற்சி போய்விட்டதால், கடினமானது வரும்போது அவன் தயாராக இருப்பதில்லை.

குளத்தூரில் நடந்ததும் இதுதான். நிறுத்துவது எளிய வேலை, அதைக் கார் செய்தது. எங்கே நிறுத்துவது என்பது கடினமான வேலை, அது தம்பியிடம் மிஞ்சியது. அந்த வேலை தன்னிடம் மிஞ்சியிருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. புதைந்த மற்ற இரண்டு வண்டிக்காரர்களும்கூட உருட்டி நிறுத்தப் பழகியவர்களே தவிர, இறங்கிப் பார்க்கப் பழகியவர்கள் அல்லர். காமிரா வந்த பிறகு யாரும் இறங்குவதில்லை. லாரிகளிலேயே பலவற்றில் இன்று கிளீனர் கிடையாது. ஓட்டுநர் தனியாகத்தான் போகிறார்.

இந்த இடத்தில் ஓட்டுநர் தேர்வைப் பற்றிய விவாதம் வருகிறது. கார் தானே நிறுத்திக்கொள்ளும்போது மனிதனுக்கு எதற்கு அந்தச் சோதனை என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2015-இல் பேரலல் பார்க்கிங்கைத் தேர்விலிருந்து நீக்கியது. பின்னோக்கி ஓட்டும் வேறொரு சோதனை அதே திறமைகளைக் காட்டிவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். நமக்குப் பக்கத்தில் கேரளமோ எதிர்த்திசையில் போனது. ‘எச்’ எழுத்து வடிவில் ஓட்டிக் காட்டினால் போதும் என்றிருந்த தேர்வை மாற்றி, பேரலல் பார்க்கிங், சாய்வு நிறுத்தம், வளைந்து நெளிந்து ஓட்டுவது, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது எல்லாவற்றையும் சேர்த்து 2024 பிப்ரவரியில் சுற்றறிக்கை வந்தது. மே மாதம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

நான் கேரளத்தின் பக்கம். காரணம் ‘கைத்திறன் அழிந்துவிடும்’ என்பதல்ல. மத்திய அரசின் 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளிலேயே, பின்னோக்கி ஓட்டிக் குறுகிய இடத்துக்குள் ஓரளவு துல்லியமாக நுழையத் தெரிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் உரிமம் எடுத்த நாளில் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. நூறு மீட்டர் முன்னால் ஓட்டினேன், மூன்றாவது கியர் போட்டேன், இறங்கச் சொல்லிவிட்டார்கள். அப்படி உரிமம் வாங்கியவர்கள்தான் நம் சாலைகளில் பெரும்பாலோர் என்பது என் சந்தேகம். சொந்தமாக ஒருமுறைகூடப் பின்னோக்கி நுழைந்து பார்க்காதவருக்கு, கார் எப்போது தவறாகப் போகத் தொடங்குகிறது என்பது தெரியாது. தெரியாதவர் பிரேக்கில் கால் வைத்திருப்பதும் வைக்காமலிருப்பதும் ஒன்றுதான். வண்டி முட்டினால் பொறுப்பு உள்ளே இருப்பவருடையது என்றுதான் எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டு அறிவை மட்டும் காரிடம் கொடுப்பது என்ன நியாயம்?

ஆனால் கேரளத்துத் தேர்வும் போதாது என்பேன். கம்பங்கள் நட்டு, தார் போட்ட மைதானத்தில் வைக்கும் தேர்வு, இயந்திரம் ஏற்கெனவே நன்றாகச் செய்கிற வேலையைத்தான் மனிதனிடம் சோதிக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டு சேர்க்கச் சொல்வேன். ஒன்று, கற்பவரை வண்டிக்கு வெளியே நிறுத்தி, இன்னொருவர் ஓட்டும் வண்டிக்குப் பின்னால் நின்று வழிகாட்டச் சொல்ல வேண்டும். தேர்வு அலுவலர் உள்ளே உட்கார்ந்து அந்தக் குரலை மட்டும் நம்பி வரட்டும். இரண்டு, மூன்று இடங்களைக் காட்டி ‘இவற்றில் எதில் நிறுத்துவாய், எதில் நிறுத்தமாட்டாய், ஏன்?’ என்று கேட்க வேண்டும். ஒன்று மண், ஒன்று வளைவு, ஒன்று யாரோ ஒருவருடைய வீட்டு வாசல். மூன்றிலும் வண்டி கச்சிதமாகப் பொருந்தும். இயந்திரம் மூன்றுக்கும் சரி என்றே சொல்லும்.

இதற்குச் சொல்லக்கூடிய மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். சாலையோரங்கள் எல்லாம் நாளை சிமெண்ட் ஆகிவிடும். தரையின் ஈரத்தை அறியும் உணரியும் வந்துவிடும். அப்போது குதிகாலுக்கு என்ன வேலை? உண்மைதான். அப்போது அந்தக் குறிப்பிட்ட அறிவு தேவையில்லாமல் போகும். மாட்டை நுகத்தில் பின்னடக்கச் செய்யும் அறிவு போனதுபோல. நான் வாதாடுவது குதிகாலுக்காக அல்ல. இறங்கிப் பார்க்கும் பழக்கத்துக்காக. எந்த உணரி வந்தாலும், அதனிடம் யாரும் இன்னும் கேட்டிராத கேள்வி ஒன்று மிச்சமிருக்கும். அதைக் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர் இருக்கையில் உட்கார்ந்தே உருவாகிவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

*

அன்று காலை டிராக்டர் காரை இழுத்துப் போட்ட பிறகு, வேறெங்கே நிறுத்துவது என்று தம்பி மாமாவைக் கேட்டான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலையோரமாக நடந்தார். இரண்டு இடங்களில் மிதித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மூன்றாவது இடத்தில் நின்றுகொண்டு, “இங்க நிறுத்து. அந்த பட்டனையே அமுக்கிக்கோ, நான் ஒண்ணும் வேண்டாங்கல. அது நல்லாத்தான் நிறுத்துது” என்றார். கார் தானாகவே வந்து அங்கே நின்றது. அதன் பிறகு மூன்று நாள் மழைக்கும் அசையவில்லை.

திரும்பும் வழியில் மாமாவையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கும் சொல்லித் தரும்படி அவரைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு காலி இடத்தில் இரண்டு தகர டிரம்களை வைத்தோம். அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறப் போனாள். மாமா தடுத்துவிட்டார். அவர் ஏறிக்கொண்டு, அவளைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். கண்ணாடிகள் இரண்டையும் மடக்கிவிட்டு, உணரியின் ஒலியையும் அணைக்கச் சொன்னார்.

முதலில் அக்காவுக்குக் குரலே வரவில்லை. கையை மட்டும் ஆட்டினாள். “கை எனக்குத் தெரியாது தாயி, சத்தமாச் சொல்லு” என்றார் மாமா. “வரட்டும் மாமா... வரட்டும்...” என்றாள். சொல்லிக்கொண்டே குனிந்து தரையைப் பார்த்தாள். இரண்டு எட்டு தள்ளிப்போய் மறுபக்கச் சக்கரத்தைப் பார்த்தாள். டிரம்முக்கு ஒரு முழம் இருக்கும்போது, கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு “ஓல்டேன்!” என்று கத்தினாள். வண்டி நின்றது. அரைமணி நேரம் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகுதான் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, மாமா இறங்கிப் பின்னால் போய் நின்றுகொண்டார்.